என்.டி.ஆரின் இரண்டு ஆகஸ்டுகள்

என்.டி.ராமராவை முதல்வர் நாற்காலியிலிருந்து இரண்டு முறை இறக்கினார்கள். இரண்டும் ஆகஸ்ட் மாதத்தில் நடந்தன. இரண்டு முறையும் முன்னால் நின்றவர் அவருடைய சொந்த நிதியமைச்சர். 1984-ல் சேதி கேட்டதும் ஆந்திரமே தெருவுக்கு வந்தது. ஒரே மாதத்தில் நாற்காலி அவரிடம் திரும்பியது. 1995-ல் அவரே தெருவுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தார். ஜனம் வரவில்லை. ஐந்து மாதம் முடிவதற்குள் இறந்துபோனார்.

இந்த இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்பது என்னை வெகுநாளாக அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி. நான் திருத்தணிப் பக்கத்துக்காரன். எங்கள் பெரியப்பா எல்லைக்கு அந்தப்புறம் நகரியில் தறி போட்டிருந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் எம்.ஜி.ஆர். படம், அவர் வீட்டுக் கூடத்தில் கிருஷ்ணர் வேடத்தில் என்.டி.ஆர். அந்தக் காலண்டருக்குப் பெரியம்மா தினமும் பூ வைப்பார். என்.டி.ஆர். எந்தக் கட்சி என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அப்போது அவருக்குக் கட்சியே கிடையாது.

கிருஷ்ணா மாவட்டத்தின் நிம்மகூரு கிராமத்தில் 1923 மே 28-ல் பிறந்த விவசாயி மகன். சப்-ரிஜிஸ்ட்ரார் உத்தியோகம் கிடைத்தும் சில வாரங்களிலேயே அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தார். முதல் படம் 1949-ல் ‘மன தேசம்’. 1951-ல் ‘பாதாள பைரவி’ அவரை நட்சத்திரமாக்கியது. 1957-ல் ‘மாயா பஜார்’ கிருஷ்ணராக்கியது. தமிழ் மாயா பஜாரிலும் அவர்தான் கிருஷ்ணர். சிவாஜியின் ‘கர்ண’னிலும் அவர்தான். ஏறத்தாழ 300 படங்கள். தெலுங்கு சினிமா சென்னையில் இருந்த காலம் அது. தி.நகர் பசுல்லா ரோட்டில் அவர் வீடு இருந்தது. திருப்பதிக்குப் போய்விட்டுச் சென்னை வருகிற பக்தர்கள் பஸ் பஸ்ஸாக அந்த வாசலில் வந்து இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள் என்பதைப் பழைய தி.நகர்வாசிகள் இன்னும் சொல்வார்கள்.

அறுபதை நெருங்கும் வயதில் அவரை அரசியலுக்கு இழுத்தது காங்கிரஸ் கட்சி ஆந்திரத்தை நடத்திய விதம். 1978-க்கும் 1983-க்கும் நடுவில் அந்த மாநிலத்துக்கு நான்கு முதல்வர்கள்: சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கட்ராம், கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி. யார் வர வேண்டும், யார் போக வேண்டும் என்பதை டெல்லி தீர்மானித்தது. 1982 பிப்ரவரியில் ஐதராபாத் பேகம்பேட்டை விமான நிலையத்தில், தன்னை வரவேற்க ஆடம்பரமாக ஆள் திரட்டியதற்காக முதல்வர் அஞ்சையாவை எல்லோர் முன்னிலையிலும் ராஜீவ் காந்தி கடிந்துகொண்டார். ராஜீவ் அப்போது ஒரு எம்.பி. மட்டுமே. அடுத்த சில நாட்களில் அஞ்சையா பதவியும் போனது. அந்த அவமானம் தெலுங்கு மக்களுக்கு நடந்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. மார்ச் 29-ம் தேதி என்.டி.ஆர். கட்சி தொடங்கினார். பெயரே தெலுங்கு தேசம். முழக்கம், தெலுங்கர்களின் சுயமரியாதை.

அந்த ஆண்டுக் கடைசியில் அவர் பெரியப்பா ஊர்ப் பக்கம் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். சாயங்காலம் வருவார் என்றார்கள். இருட்டி வெகுநேரம் ஆகியும் வரவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை. பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தூரத்தில் விளக்கு தெரிந்தது. ‘சைதன்ய ரதம்’ என்று அவர் பெயர் வைத்திருந்தது ஒரு பழைய செவ்ரோலே வேன்தான். அதில்தான் தூக்கம், அதன் பக்கத்தில் ரோட்டோரம்தான் குளியல், சாப்பாடு. ஓட்டிவந்தவர் மகன் ஹரிகிருஷ்ணா. கூரைமேல் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு என்.டி.ஆர். எழுந்து நின்றார். கிரீடம் இல்லை, மயிற்பீலி இல்லை; காக்கிச் சட்டை, காக்கி பேன்ட், முகமெல்லாம் புழுதி. பேச்சை ‘ஆடபடுசுலாரா’ என்று பெண்களை, வீட்டில் பிறந்த பெண்களைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு ஆரம்பித்தார். பெரியம்மா அழுதுவிட்டார். பெரியப்பா என்னைத் தோளில் தூக்கி, “நல்லாப் பார்த்துக்கோடா, சாமி நமக்காக ரோட்டுல தூங்குது” என்றார்.

ரத யாத்திரை என்று பின்னால் பலரும் கிளம்பியதற்கு இந்த வேன்தான் முன்னோடி. கிலோ 2 ரூபாய்க்கு அரிசி என்று அவர் சொல்லிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்து, ஆட்சியில் இருந்த காங்கிரஸ் 1 ரூபாய் 90 காசுக்குத் தருவதாக அவசரமாக அறிவித்தது. அரிசி வந்ததே தவிர ஓட்டு வரவில்லை. 1983 ஜனவரியில் 294 இடங்களில் 200-க்கு மேல் தெலுங்கு தேசம் ஜெயித்தது. கட்சிக்கு வயது ஒன்பதே மாதம். ராஜ்பவனில் அல்லாமல் லால் பகதூர் ஸ்டேடியத்தில், ஜனங்கள் நடுவே பதவியேற்றார்.

ஆட்சியில் அவர் செய்தவற்றைத் தமிழர்கள் சரியாக அறிந்துகொள்ளவில்லை என்பது என் குறை. எம்.ஜி.ஆர். 1980-ல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தார், என்.டி.ஆர். 1984 ஜனவரியில் அதையே ஆந்திரத்தில் செய்தார். அங்கே அது இன்னும் கனமான அடி. தெலங்கானாவில் பட்டேல், பட்வாரி என்றால் கிராமத்தின் நிலக் கணக்கு மொத்தமும் அந்த இரண்டு குடும்பங்களின் கையில். அடுத்து, மண்டல முறை: பழைய தாலுகாக்களை உடைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் ஆக்கினார். ஒரு சான்றிதழுக்காக நாள் முழுதும் பஸ்ஸில் போய்வந்த குடியானவனுக்குத் தாசில்தார் கூப்பிடு தூரத்துக்கு வந்தார். எல்லாவற்றிலும் பெரியது, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. 1985 செப்டம்பர் முதல் அது ஆந்திரத்தில் சட்டம். தமிழ்நாட்டுக்கு அது 1989-ல் வந்தது. நாடு முழுமைக்கும் வர 2005 ஆகிவிட்டது. ரோட்டோரத்தில் ‘ஆடபடுசுலாரா’ என்று கூப்பிட்டவர் கூப்பிட்டதற்குத் தக்கபடி நடந்துகொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. கிருஷ்ணா நதி நீரில் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னையின் குடிநீருக்கு விட்டுத்தருவது என்று 1970-களிலேயே பேச்சு முடிந்திருந்தது. ஆனால் ஸ்ரீசைலத்திலிருந்து சென்னைவரை அந்தத் தண்ணீரைக் கொண்டுவருவது யார்? 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டார்கள். வழியில் ஆவியாகி, கசிந்து போவது போக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. எல்லையில் கிடைக்க வேண்டும். சோமசீலா, கண்டலேறு வழியாகக் கால்வாய். ராயலசீமையின் வறண்ட நிலத்துக்கும் அதே வழியில் பாசனம். திட்டத்துக்குத் தெலுங்கு கங்கை என்று பெயர். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ‘ஜீரோ பாயின்ட்’டில் தண்ணீர் வந்து சேர்ந்தது 1996 செப்டம்பரில். அதைப் பார்க்க எம்.ஜி.ஆரும் இல்லை, என்.டி.ஆரும் இல்லை.

இனி முதல் ஆகஸ்ட்.

1984-ல் இருதய சிகிச்சைக்காக என்.டி.ஆர். அமெரிக்கா போனார். திரும்பி வந்த இரண்டே நாளில், ஆகஸ்ட் 16-ம் தேதி, ஆளுநர் ராம்லால் அவரைப் பதவிநீக்கம் செய்தார். நிதியமைச்சராக இருந்த நாதெண்ட்ல பாஸ்கர ராவ், பெரும்பான்மை தன் பக்கம் என்று சொன்னதை ஆளுநர் ஏற்றுக்கொண்டார். என்.டி.ஆர். தன் எம்.எல்.ஏ.க்களை ராஜ்பவனுக்கே கூட்டிப்போய் நிறுத்தியும் ஆளுநர் எண்ண மறுத்தார். காங்கிரஸ் ஆதரவோடு பாஸ்கர ராவ் முதல்வரானார். பெரும்பான்மையை நிரூபிக்க அவருக்கு முப்பது நாள் அவகாசம். முப்பது நாள் எதற்கு என்பது பால் மணம் மாறாத பிள்ளைக்கும் தெரியும். எம்.எல்.ஏ.க்களை விலைபேச.

அப்போது என்.டி.ஆர். தரப்பு செய்ததுதான் இன்றைக்குச் ‘சொகுசு விடுதி அரசியல்’ என்று நாம் சொல்வதன் ஆரம்பப் பாடம். எம்.எல்.ஏ.க்களை மொத்தமாக ஐதராபாத்தில் அவருடைய ஸ்டூடியோவில் வைத்தார்கள். பிறகு டெல்லிக்குக் கூட்டிப்போய்க் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் முன்னால் நிறுத்தினார்கள். அறுவை சிகிச்சையின் களைப்புத் தீராத என்.டி.ஆர். சக்கர நாற்காலியில் போனார். அந்தப் படம் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அடுத்து கர்நாடகம், ராமகிருஷ்ண ஹெக்டேயின் ஆட்சி, நந்தி மலையில் பாதுகாப்பு. இந்த ஏற்பாடுகளில் ஓடியாடி நின்றவர்களில் முக்கியமானவர் மருமகன் சந்திரபாபு நாயுடு. 1983 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தெலுங்கு தேசத்திடம் தோற்று, அதன்பிறகு மாமனார் கட்சிக்கு வந்தவர். யாருக்கு என்ன பயம், யாருக்கு என்ன ஆசை, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று எம்.எல்.ஏ.க்களை ஒவ்வொருவராக அவர் படித்துக்கொண்டது அந்த ஒரு மாதத்தில்தான் என்பது என் கணிப்பு.

வெளியே ஆந்திரம் கொதித்தது. கடையடைப்பு, மறியல், துப்பாக்கிச் சூடு. நகரியில் பெரியப்பா தறியை நிறுத்திவிட்டு ரயில் மறிக்கப் போனார். அதற்குமுன் எந்தப் போராட்டத்துக்கும் போகாத மனிதர். ராம்லால் ஆளுநர் பதவியை இழந்தார். சங்கர் தயாள் சர்மா வந்தார். பாஸ்கர ராவால் சட்டசபையில் எண்ணிக்கை காட்ட முடியவில்லை. செப்டம்பர் 16-ல் என்.டி.ஆர். மறுபடியும் முதல்வர். அந்த ஆண்டு டிசம்பரில், இந்திரா காந்தி கொலையை ஒட்டிய அனுதாப அலையில் நாடே காங்கிரஸ் பக்கம் சாய்ந்தபோதும் தெலுங்கு தேசம் 30 எம்.பி. இடங்களைப் பிடித்தது. ஒரு மாநிலக் கட்சி மக்களவையில் மிகப்பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது அதுவே முதல் முறை. 1985 மார்ச் சட்டசபைத் தேர்தலில் மறுபடியும் 202 இடங்கள்.

என் பார்வையில் சரிவு அந்த வெற்றியிலிருந்தே தொடங்குகிறது. தன்னைக் காப்பாற்றியது மக்கள் என்று அவர் உணர்ந்தது சரி. ஆகவே நடுவில் வேறு யாருமே தேவையில்லை என்று முடிவுகட்டியது தப்பு. எம்.எல்.ஏ. என்பவர் தன் முகத்துக்கு விழுந்த ஓட்டில் வந்தவர், அவ்வளவுதான் என்று நடத்தினார். காக்கி போய்க் காவி உடை வந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து அதிகாரிகளைச் சந்திப்பார். கட்சிக்காரன் பார்க்க முடியாது. அரசு ஊழியரின் ஓய்வு வயதை 58-லிருந்து 55 ஆக்கி ஊழியர்களைப் பகைத்துக்கொண்டது முதல் ஆட்சியிலேயே நடந்தது. 1989 பிப்ரவரியில் பட்ஜெட் விவரம் கசிந்துவிட்டது என்று ஒட்டுமொத்த அமைச்சரவையையும் ஒரே நாளில் கலைத்தார். தொகுதியில் தலைநிமிர்ந்து நடந்த அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் ஊர் சிரிக்க வீட்டுக்குப் போனார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் கட்சி 74 இடங்களுக்குச் சுருங்கியது. கல்வகுர்த்தியில் அவரே தோற்றார், ஹிந்துபூர்தான் கைகொடுத்தது. வி.பி.சிங்கைப் பிரதமராக்கிய தேசிய முன்னணியின் தலைவர் அவர். அந்த மக்களவையில் அவருடைய கட்சிக்கு இருந்தது இரண்டே எம்.பி.

அவர் பார்க்காதவர்களையெல்லாம் பார்த்தவர் மருமகன். கட்சியின் பொதுச் செயலாளராக மாவட்டம் மாவட்டமாக உறுப்பினர் பட்டியல், பயிற்சி முகாம், சீட்டுக் கேட்பவரின் குறை, தோற்றவரின் கடன் எல்லாம் நாயுடுவின் நோட்டில் ஏறின. மாமனாருக்கு மக்கள் இருந்தார்கள். மருமகனுக்குக் கட்சி இருந்தது.

என்.டி.ஆரின் மனைவி பசவதாரகம் 1985-ல் புற்றுநோயில் இறந்தார். தோல்விக்குப் பின் தனிமையில் இருந்த என்.டி.ஆரின் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்த கல்லூரி ஆசிரியை லட்சுமி பார்வதியை 1993 செப்டம்பரில், எழுபது வயதில், மணந்துகொண்டார். பிள்ளைகள் ஏற்கவில்லை. ஊரில் பலர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. வயதான காலத்தில் துணை தேடிய ஒரு மனிதரின் சொந்த விஷயம் அது. மக்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு 1994 டிசம்பர் சாட்சி. லட்சுமி பார்வதியோடு சேர்ந்தே பிரசாரம் செய்தார், 216 இடங்கள், காங்கிரசுக்கு 26. நெல்லூர் மாவட்டத்து துபகுண்டாப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டத்துக்குக் கொடுத்த வாக்குப்படி, 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார்.

சிக்கல், வீட்டு விஷயம் ஆட்சி விஷயமானபோது வந்தது. சீட்டிலும் பதவியிலும் லட்சுமி பார்வதி சொல்வதுதான் நடக்கிறது என்று எம்.எல்.ஏ.க்கள் குமுறினார்கள். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊதிப் பெரிதாக்கியது என்பது வேறு விஷயம். ஆனால் குறை கேட்க முதல்வரிடம் வழி இல்லை, நாயுடுவிடம் இருந்தது. அவர்தான் அப்போது நிதியமைச்சர். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் எம்.எல்.ஏ.க்கள் ஐதராபாத் ஹுசேன் சாகர் கரையில் இருந்த வைஸ்ராய் ஹோட்டலில் கூடினார்கள். 1984-ல் மாமனாருக்காகக் கற்ற வித்தையை மருமகன் மாமனார்மேலேயே காட்டினார். என்.டி.ஆர். கிளர்ச்சியாளர்களைக் கட்சியிலிருந்து நீக்கினார். சட்டசபையைக் கலைக்கச் சொன்னார். ஆளுநர் கிருஷண் காந்த் கலைக்கவில்லை. கிளர்ச்சியாளர்கள் என்.டி.ஆரைக் குறைசொல்லவே இல்லை; “என்.டி.ஆர். எங்கள் தெய்வம், அந்த அம்மாள் தலையீடுதான் கூடாது” என்றார்கள். மிகச் சாமர்த்தியமான பேச்சு அது. மகன்கள் ஹரிகிருஷ்ணா, பாலகிருஷ்ணா இருவரும் நாயுடு பக்கம். 1982-லும் 1984-லும் அவருக்குத் தோள்கொடுத்த ‘ஈநாடு’ நாளிதழும் அந்தப் பக்கம்.

பழைய சைதன்ய ரதத்தை எடுத்துக்கொண்டு வைஸ்ராய் வாசலுக்குப் போனார் என்.டி.ஆர். இந்த முறை ஓட்ட ஹரிகிருஷ்ணா இல்லை. கூரையில் நின்று தன் எம்.எல்.ஏ.க்களை வெளியே வரும்படி கூப்பிட்டார். வந்தவை செருப்புகள். ஆகஸ்ட் 31-ல் ராஜினாமா. மறுநாள் நாயுடு முதல்வர்.

அந்த வாரம் நான் நகரியில் இருந்தேன். பஸ் ஓடியது, சினிமா ஓடியது, தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “என்ன பெரியப்பா, இந்தத் தடவை மறியல் இல்லையா?” என்றேன். நூலைப் பிணைத்துக்கொண்டே சொன்னார்: “யாரை எதிர்த்துடா மறிக்கிறது? டெல்லிக்காரன்னா ரயிலை மறிக்கலாம். மாமனார் மருமகன் சண்டைக்கு எந்த ரயிலை மறிக்கச் சொல்றே? பெத்த புள்ளையே அந்தப் பக்கம் நிக்குது.” அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று பெரியம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் தேடிய பதில் பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது. 1984-ல் எண்ணிக்கை என்.டி.ஆரிடம் இருந்தது, ஆளுநர் எண்ண மறுத்தார். அந்த அநியாயம் எழுத்தறியாதவருக்கும் புரிந்தது. 1995-ல் எண்ணிக்கை நாயுடுவிடம் இருந்தது, எண்ணினார்கள். சட்டத்தில் ஓட்டை இல்லை. மனத்தில் மட்டும் ஓட்டை. மனத்திலுள்ளதற்காகத் தெருவுக்கு வர, ஊருக்கு ஊர் நாலு பேரைக் கூப்பிடும் கட்சிக்காரன் வேண்டும். அந்த நாலு பேரையும் கூப்பிடக்கூடியவர்கள் எல்லோரும் வைஸ்ராய் ஹோட்டலில் இருந்தார்கள்.

கடைசி மாதங்களில் மருமகனை ஔரங்கசீப் என்று பேசினார். ‘ஜாமாதா தசம கிரகம்’ என்று ஒரு ஒலிநாடா வெளியிட்டார். மருமகன் பத்தாவது கிரகம் என்ற பழைய வசனத்தைத் தலைப்பாக்கி. மறுபடியும் மக்களிடம் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 1996 ஜனவரி 18 விடியற்காலை மாரடைப்பில் காலமானார். ஹுசேன் சாகர் கரையில் அவர் சமாதிக்கு வந்த கூட்டத்தில் வராத தெலுங்கர் யார் என்று கேட்கலாம்.

நாயுடு 1999 தேர்தலில் 180 இடங்களோடு தன் பெயரிலேயே ஜெயித்தார். லட்சுமி பார்வதியின் கட்சிக்கும், பிறகு நாயுடுவைப் பிரிந்து ஹரிகிருஷ்ணா தொடங்கிய கட்சிக்கும் அந்தத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. தெலுங்கு தேசம் இன்றும் தன் மகாநாட்டை ஆண்டுதோறும் மே 28-ஐ ஒட்டி, அவர் படத்துக்கு மாலை போட்டு நடத்துகிறது.

1995-ல் நடந்தது துரோகம். வாழ்நாள் முழுக்கச் சொல்வேன். ஆனால் முழுப் பழியையும் மருமகன் தலையில் கட்டுவது நியாயமாகாது. அமைச்சர்களை ஒரே ராத்திரியில் வீட்டுக்கு அனுப்பியவருக்கு, தன் கதவைக் கட்சிக்காரனுக்கு மூடிவைத்தவருக்கு, அதில் பாதிப் பங்கு உண்டு.